மைனாவின் காலில் ஒரு கொட்டைப்பாக்கு



"நீ குதிரைக்காரர் வீட்டுப் பிள்ளைதானே? இந்த மாதச் சுவர் இதழுக்குக் குதிரையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடு" என்று தமிழம்மா சொன்னார்கள். குதிரைக்கு நான்கு கால், ஒரு வால், கொள்ளு தின்னும் என்று மூன்றாம் வகுப்புக் கட்டுரை மாதிரி எழுதித் தப்பித்திருக்கலாம். ஆனால் எனக்கு எழுத வேண்டிய விஷயம் வேறு ஒன்று இருக்கிறது. எங்கள் குதிரையின் காலில் வந்த ஒரு கட்டி. அந்தக் கட்டி வந்ததற்குக் காரணம் நான். படித்து முடித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் திட்டலாம், வாங்கிக்கொள்கிறேன்.

எங்கள் அப்பா கொடைக்கானல் ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றிக் கூட்டிப் போகிறவர். 1863-ஆம் ஆண்டில் லெவிஞ்ச் துரை உருவாக்கிய ஏரி அது. அதைச் சுற்றி வரும் சாலை சுமார் 5 கி.மீ. இருக்கும். அத்தனையும் தார் ரோடு. மைனா எங்கள் குதிரையின் பெயர். செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. இப்போது நான்கு வயது.

மைனாவை இரண்டு வருஷத்துக்கு முன் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கினோம். நானும் கூடப் போயிருந்தேன். எங்கே பார்த்தாலும் குதிரை! அப்பா பல்லைப் பார்ப்பதற்கு முன்னாலேயே குனிந்து காலைத்தான் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு முழங்காலிலிருந்து குளம்பு வரை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே வந்தார். "என்னப்பா தேடுற?" என்றேன். "கட்டி, முடிச்சு ஏதும் இருக்கான்னு பாக்குறேன் பாப்பா. குதிரைன்னா காலுதான். காலு இல்லாத குதிரை வெறும் வயிறுதான்" என்றார். மைனாவின் கால் அன்றைக்கு வாழைத்தண்டு மாதிரி வழுவழுவென்று இருந்தது. இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் செய்த காரியம்

போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை. அப்பாவுக்குக் காய்ச்சல். "மைனாவை ரோட்டு மேல நடத்திக் கூட்டிட்டுப் போயி, தண்ணி காட்டிட்டு வந்துரு. ஏறாத" என்று சொல்லி அனுப்பினார். நாயுடுபுரம் பக்கம் போகும்போது நம் வகுப்புப் பிள்ளைகள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். (பெயர் எழுத மாட்டேன், பயப்படாதீர்கள்.) "குதிரைக்காரர் மகள்னு சொல்ற, ஓட்டத் தெரியுமா? இல்ல, கயிறு மட்டும்தான் பிடிப்பியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

அவ்வளவுதான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சேணம்கூட இல்லாமல் ஏறினேன். அந்த இறக்கத்தில், கெட்டியான தார் ரோட்டில், நாலுகால் பாய்ச்சலில் விட்டேன். லாடம் ரோட்டில் அடிக்கிற சத்தம் பட்டாசு மாதிரி கேட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு தடவை போதாதென்று மூன்று தடவை ஏறி இறங்கினேன். மூன்றாவது தடவை மைனா நிற்கும்போது லேசாகத் தடுக்கியது. நான் அதைக் கவனித்தேன். கவனித்தும், கவனிக்காத மாதிரி வீட்டுக்குக் கூட்டிப் போனேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. மைனா ஏரிக்கரைக்குப் போய் நாள் முழுக்க ஆள் சுமந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் அப்பா குரல் கொடுத்தார். "பாப்பா, இங்கிட்டு வா. இதைத் தொட்டுப் பாரு."

இடது முன்னங்காலின் உள்பக்கம், முழங்காலுக்கு நான்கு விரற்கடை கீழே ஒரு வீக்கம். கொட்டைப்பாக்கு அளவு இருக்கும். தொட்டால் சூடாக இருந்தது. அப்பா பெருவிரலால் அழுத்தியதும் மைனா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. மெதுவாக நடத்தினால் ஒன்றும் தெரியவில்லை. லேசாக ஓட விட்டுப் பார்த்தபோது நொண்டியது. வலிக்கிற கால் தரையில் படும்போதெல்லாம் தலையை மேலே தூக்கியது. முன்னங்காலில் வலி இருக்கும் குதிரை அப்படித்தான் செய்யும்.

"எங்கயாச்சும் இடிச்சுக்கிச்சா?" என்று அப்பா கேட்டார்.

"தெரியலப்பா" என்றேன். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன்.

ஆளுக்கு ஒரு வைத்தியம்

அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் லாயத்துக்கு முன்னால் ஒரு கூட்டம். "கண்ணு பட்டுருச்சு, எலுமிச்சம்பழம் சுத்திப் போடு" என்றார் ஒரு பாட்டி. "பழுக்கக் காய்ச்சின கம்பியால ரெண்டு சூடு இழுத்தா அமுங்கிரும், அந்தக் காலத்துல அப்படித்தான்" என்றார் ஒரு பெரியவர். "எரிச்சல் தைலம் போட்டு அழுத்தித் தேய்" என்றார் இன்னொருவர். தரகர் ஒருவர் காலைப் பார்த்துவிட்டு, "சீசன் நேரத்துல உக்காந்துரும்ப்பா. கட்டி பெருசாகிறதுக்குள்ள வந்த விலைக்குத் தள்ளி விட்ரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன விலை அந்தியூரில் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

அப்பா எதையும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அரசு கால்நடை மருத்துவமனைக்கு மைனாவை மெதுவாக நடத்திக் கூட்டிப் போனோம்.

டாக்டரம்மா முதலில் கட்டியைப் பார்க்கவே இல்லை. நான்கு காலையும் பார்த்தார். குளம்பைத் தூக்கிப் பார்த்தார். நடக்கவிட்டு, ஓடவிட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அந்தக் காலைத் தூக்கி மடக்கி வைத்துக்கொண்டு எலும்பு நெடுக விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். கட்டி இருக்கும் இடம் வந்ததும் மைனா துள்ளியது.

"இதுக்கு ஸ்பிளின்ட்னு பேரு. இளங்குதிரைங்களுக்கு நிறைய வரும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எந்த கிளாஸ் படிக்கிற? உன் கையை நீட்டு" என்றார்.

என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். குதிரையின் முன்னங்காலில் நாம் முழங்கால் என்று சொல்வது உண்மையில் நம்முடைய மணிக்கட்டு மாதிரி. அதற்குக் கீழே இருக்கும் நீளமான எலும்பு, நம் உள்ளங்கையில் நடுவிரலுக்கு நேராக ஓடும் எலும்பு. அதாவது குதிரை ஒவ்வொரு காலிலும் ஒற்றை நடுவிரல் நுனியில் நிற்கிறது! அந்தப் பெரிய எலும்பின் இரண்டு பக்கத்திலும் பென்சில் மாதிரி மெல்லிய எலும்பு ஒவ்வொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அவை நம் ஆள்காட்டி விரலுக்கும் மோதிர விரலுக்கும் உரிய எலும்புகள். கீழே போகப் போகச் சிறுத்து, அடி வரை போகாமலேயே முடிந்துவிடும்.

இளங்குதிரைக்கு அந்த மெல்லிய எலும்பும் பெரிய எலும்பும் நார் போன்ற தசைநாரால்தான் இணைந்திருக்கும். வயது ஆக ஆக அது கெட்டிப்பட்டு எலும்பாகிவிடும். அதற்குள் கெட்டித் தரையில் வேகமாக ஓடினாலோ, அடிபட்டாலோ, லாடம் சமமில்லாமல் இருந்தாலோ அந்த நார் கிழியும். எலும்பைச் சுற்றியிருக்கும் சவ்வு வீங்கும். உடம்பு சும்மா இருக்காது. கிழிந்த இடத்தில் புது எலும்பை வைத்துப் பூசும். நாம் சுவரில் விரிசல் விட்ட இடத்தில் சிமெண்ட் பூசுகிற மாதிரி. அந்தப் பூச்சுதான் கட்டி. குதிரையின் எடையில் பாதிக்கும் மேல் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. அதிலும் உள்பக்கத்து மெல்லிய எலும்புக்குப் பாரம் அதிகம். அதனால்தான் இந்தக் கட்டி பெரும்பாலும் முன்னங்காலின் உள்பக்கத்தில் வருகிறது.

"மூட்டுல வந்திருந்தா கவலைப்பட வேண்டிய விஷயம். இது மூட்டுல இல்ல. ஒழுங்கா ஓய்வு கொடுத்தா சரியாயிரும். சூடு கீடு போட்றாதீங்க. புண்ணு மேல புண்ணாகும், அவ்வளவுதான். தைலம் போட்டுத் தேய்க்கவும் வேணாம். தேய்க்கத் தேய்க்கச் சவ்வு இன்னும் வீங்கும், கட்டி பெருசாகும்" என்றார்.

கடைசியில் கேட்டார்: "இந்த ரெண்டு மூணு நாள்ல கெட்டி ரோட்டுல வேகமா ஓட்டினீங்களா?"

"இல்லம்மா. நடைதான். நான் எப்பவும் தார் ரோட்டுல ஓட விடமாட்டேன்" என்றார் அப்பா, என் தலையில் கை வைத்துக்கொண்டு.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் மைனாவைப் பார்த்தேன். மைனா புல்லைப் பார்த்தது.

ஆறு வாரம்

டாக்டரம்மா கொடுத்த கட்டளைகள் இவை:

1. ஆறு வாரத்துக்கு மைனா மேல் யாரும் ஏறக்கூடாது. ஓட விடக்கூடாது.
2. முதல் பத்து நாள் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் 20 நிமிஷம், கட்டி மேல் குளிர்ந்த தண்ணீர் விட வேண்டும்.
3. பஞ்சு வைத்துச் சுருக்கம் இல்லாமல் கட்டுப் போட வேண்டும். இறுக்கக் கூடாது. தினமும் அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும்.
4. வலிக்கும் வீக்கத்துக்கும் அவர் கொடுக்கும் மருந்து மட்டும்தான். மனிதர் சாப்பிடும் வலி மாத்திரையை இடித்துக் கொடுக்கக் கூடாது.
5. வேலை இல்லாத குதிரைக்குக் கொள்ளைக் குறைத்து, புல்லைக் கூட்ட வேண்டும். தவிட்டை அள்ளி அள்ளி வைக்கக் கூடாது. தவிடு மிஞ்சினால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து குறையும்.
6. சூடும் வலியும் குறையவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அந்த மெல்லிய எலும்பு சில சமயம் உடைந்தும் இருக்கலாம்.

காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். கொடைக்கானலில் மார்ச் மாதக் காலைத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு 20 நிமிஷம் நின்றால் விரல் என்னுடையதா என்று கிள்ளிப் பார்க்க வேண்டியிருக்கும். கணக்குப் பரீட்சைக்கு நான் அவ்வளவு ஒழுங்காக எழுந்ததே கிடையாது. "பாப்பாவுக்கு மைனா மேல என்னா பாசம் பாரு" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னபோது, எனக்கு அந்தத் தண்ணீரில் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஏப்ரல், மே மாதம்தான் எங்களுக்குச் சீசன். அந்த வருமானத்தில்தான் மழைக்காலம் ஓட வேண்டும். மைனா லாயத்தில் நின்றதால், அப்பா வேறொருவருடைய குதிரைக்குக் கயிறு பிடித்து நாள் கூலிக்குப் போனார். சொந்தக் குதிரை வைத்திருந்தவர், அடுத்தவர் குதிரைக்குப் பின்னால் நடந்தார். இதையும் நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஆனால் ஒன்பதாம் நாள் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் வீட்டுக்கு லாடம் அடிக்க ஒரு மாமா வருவார். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அப்பாவுக்குச் சிநேகிதர். லாடம் சமமில்லை என்றாலும் இந்தக் கட்டி வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார் அல்லவா? அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். "நீ போன மாசம் அடிச்ச லாடம்தான்ப்பா காரணம். ஒரு பக்கம் தூக்கி அடிச்சிருக்க. என் பொழப்பே போச்சு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

மாமா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சுத்தியல், உளி, ராவி எல்லாவற்றையும் பைக்குள் எடுத்து வைத்தார். "இருபது வருஷமா அடிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் வீட்டில் டீ குடிக்காமல் அவர் போனது அன்றைக்குத்தான்.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா லாயத்தில் மைனாவுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, மாமா மேல தப்பு இல்ல. நான்தான் ஓட்டினேன். தார் ரோட்டுல. மூணு தடவை."

அப்பாவின் கை நின்றது. அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "ஓட்டினது சரி, சின்னப் புள்ள. அன்னைக்கு ராத்திரியே சொல்லியிருந்தா அன்னைக்கே தண்ணி ஊத்தியிருப்பேன்ல? ஞாயித்துக்கிழமை ஏரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டேன்ல? நோவோட ஒரு நாள் பூரா சுமந்திருக்கே இது" என்றார்.

திட்டு வாங்கியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. மைனா பேசாது. அதற்குப் பதிலாகப் பேச வேண்டியவள் நான். நானும் பேசவில்லை.

மறுநாள் காலையில் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனார். அப்பா முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு நான் கேட்டேன். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மூணு தடவையா ஓட்டின? சேணம் இல்லாமலா? விழுந்திருந்தா உன் காலுக்கு யாரு லாடம் அடிக்கிறது?" என்று கேட்டார். அப்பா சிரித்துவிட்டார். நான் அழுதுவிட்டேன். அத்தை மூன்று பேருக்கும் டீ கொண்டுவந்து வைத்தார்.

கட்டி போகவில்லை

மூன்றாவது வாரம் கட்டியில் சூடு குறைந்தது. நான்காவது வாரம் அழுத்தினாலும் மைனா காலை இழுக்கவில்லை. எக்ஸ்ரே தேவைப்படவில்லை. ஆறு வாரம் முடிந்த பிறகு, புல் தரையில் கையில் பிடித்து நடத்தினோம். பிறகு சிறு பிள்ளைகளை மட்டும் ஏற்றினோம். சீசன் முடிந்து சாரல் விழ ஆரம்பித்தபோதுதான் மைனா பழையபடி முழு நாள் வேலைக்குப் போனது. இப்போது ஓடினாலும் நொண்டல் இல்லை.

ஆனால் கட்டி போகவில்லை. கொஞ்சம் சிறுத்திருக்கிறது, அவ்வளவுதான். தொட்டால் குளிர்ச்சியாக, கல் மாதிரி இருக்கிறது. "இது எப்பம்மா போகும்?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "இன்னும் கொஞ்சம் கரையலாம். முழுசாப் போகாது. போகணும்னு அவசியமும் இல்ல. இப்ப அது நோய் இல்ல, எலும்பு தன்னைத்தானே சரி பண்ணிக்கிட்ட தழும்பு" என்றார். தரகர் மட்டும் இன்னமும் அதைக் காட்டி விலையைக் குறைத்துத்தான் பேசுகிறார். "விக்கிறதுக்கு இல்ல" என்று அப்பா சொல்லிவிட்டார்.

உங்களுக்குத் தெரியுமா?

சுமார் 5½ கோடி வருஷத்துக்கு முன்னால் குதிரையின் மூதாதை நாய் அளவுதான் இருந்தது. முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் மூன்று விரல். காட்டை விட்டுப் புல்வெளியில் வாழத் தொடங்கிய பிறகு, நடுவிரல் பெருத்து மற்ற விரல்கள் சிறுத்துவிட்டன. மைனாவின் காலில் அடிபட்ட அந்த மெல்லிய எலும்பு, காணாமல் போன ஒரு விரலின் மிச்சம்தான்! அறிவியல் புத்தகத்தில் பரிணாமப் பாடம் வரும்போது எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். நான் தினமும் அதைத் தொட்டுப் பார்க்கிறேன்.

நண்பர்களே, குதிரைச் சவாரி போகும்போது தார் ரோட்டில் "வேகமா ஓட்டச் சொல்லுங்கண்ணா" என்று கேட்காதீர்கள். குதிரை தலையைத் தூக்கித் தூக்கி நொண்டினால் உடனே இறங்கி, குதிரைக்காரரிடம் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். உங்கள் வீட்டில் ஆடு, மாடு, நாய் எதுவாக இருந்தாலும், உங்களால் அதற்கு அடிபட்டுவிட்டால் அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். ஒரு நாள் தள்ளிப் போட்டதற்கு எங்கள் வீட்டில் என்ன விலை ஆனது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு எனக்குக் கை தட்டியவர்களும் இந்தச் சுவரின் முன் நின்று இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லாயத்துக்கு வாருங்கள். மைனாவின் இடது முன்னங்காலைத் தொட்டுக் காட்டுகிறேன். வரும்போது இரண்டு கேரட் கொண்டு வாருங்கள்.



இப்படிக்கு,
குதிரைக்காரர் மகள்,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு